வெஸ்டர்லண்ட் 1 விண்மீன் கொத்தின் எக்ஸ் கதிர்ப் படம் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெஸ்டர்லண்ட் 1 என்னும் விண்மீன் கொத்தின் வண்ணப் படத்தை அரைப்பக்க அளவில் வெளியிட்டிருந்தீர்கள். தமிழ் நாளிதழ் ஒன்று வானியல் படத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியது மகிழ்ச்சியளித்தது. ஆனால் படத்துக்குக் கீழே இருந்த இரண்டு வரிகள் அதன் அழகை வியந்ததோடு நின்றுவிட்டன. அந்தப் படம் எப்படி உருவானது, அதிலுள்ள புள்ளிகள் எவை, அவற்றிலிருந்து வானியலாளர்கள் எதைத் தெரிந்துகொண்டார்கள் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. பல்லாண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் குறையை ஓரளவு நிரப்ப இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வைகாசி, ஆனி மாத இரவுகளில் விருச்சிகத்தின் வளைந்த வாலைத் தமிழ்நாட்டிலிருந்து தெற்குத் திசையில் தெளிவாகப் பார்க்கலாம். அந்த வால் கீழே இறங்கி வளையும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே, ஆரா என்னும் விண்மீன் தொகுதியின் எல்லைக்குள் வெஸ்டர்லண்ட் 1 இருக்கிறது. தொலைவு ஏறத்தாழ 13,000 ஒளியாண்டுகள். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய சுவீடன் நாட்டு வானியலாளர் பெங்ட் வெஸ்டர்லண்ட் 1961-ஆம் ஆண்டு இதைக் கண்டறிந்தார். இதன் மொத்த நிறை சூரியனைப்போல் 50,000 முதல் 1,00,000 மடங்கு வரை இருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். நம் பால்வீதியில் நமக்கு மிக அருகில் உள்ள, இத்தனை நிறை கொண்ட இளம் கொத்து இதுதான். இவ்வளவு பெரிய கொத்து வெறுங்கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று வாசகர் கேட்கலாம். நமக்கும் அதற்கும் இடையே பால்வீதியின் தளத்தில் படர்ந்திருக்கும் தூசு, அதன் கண்ணுறு ஒளியைப் பல ஆயிரம் மடங்கு மங்கச் செய்துவிடுகிறது. அகச்சிவப்புக் கதிரும் ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிரும் அந்தத் தூசைப் பெருமளவு கடந்து வந்துவிடுகின்றன. ஆகவேதான் இந்தக் கொத்தை அறிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி தேவைப்படுகிறது.

எக்ஸ் கதிர் என்றதும் நம் மனத்தில் மருத்துவமனைப் படம்தான் தோன்றும். அங்கே ஒரு கருவி கதிரை அனுப்புகிறது; உடலைக் கடந்து வருவதை மறுபக்கத்தில் பதிவுசெய்கிறோம். இங்கே கதிரை வெளிவிடுவது விண்மீனே. நமது வளிமண்டலம் அதை முழுவதுமாக உறிஞ்சிவிடுவதால் தொலைநோக்கி விண்வெளியில் இருந்தாக வேண்டும். தாங்கள் வெளியிட்ட படத்தின் எக்ஸ் கதிர்ப் பகுதி, அமெரிக்காவின் நாசா 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏற்றி அனுப்பிய சந்திரா தொலைநோக்கியிலிருந்து வந்தது. மஞ்சளும் நீலமுமாகத் தெரியும் புள்ளிகளில் பல, ஹப்பிள் தொலைநோக்கி பதிவுசெய்த விண்மீன்கள். எக்ஸ் கதிருக்கு நிறம் என்று ஒன்று கிடையாது. கொத்து முழுவதும் பரவியுள்ள சூடான வாயுவுக்கு இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று வெப்பநிலை ஏறும் வரிசையில் ஆய்வாளர்களே நிறம் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு குறிப்பு படத்தோடு இருந்திருந்தால், நீலமாகத் தெரியும் இடத்தில் வாயு அதிகம் கொதிக்கிறது என்பதை ஒரு பள்ளி மாணவரும் படித்தறிந்திருப்பார்.

சந்திராவின் கருவி வேலை செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் இந்த ஆய்வின் அருமை இருக்கிறது. சாதாரண ஒளிப்படத்தில் ஒளி வெள்ளமாக வந்து விழுகிறது. எக்ஸ் கதிர் வானியலில் ஒளித்துகள்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒவ்வொரு துகளும் கருவியில் எந்த இடத்தில் விழுந்தது, எந்த நேரத்தில் விழுந்தது, எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்ற மூன்றும் தனித்தனியே பதிவாகின்றன. உண்மையில் தொலைநோக்கி பூமிக்கு அனுப்புவது ஒரு நீண்ட பட்டியல்தான். படம் பின்னர் அந்தப் பட்டியலிலிருந்து வரையப்படுகிறது. வெஸ்டர்லண்ட் 1-இல் உள்ள மங்கலான விண்மீன் ஒன்றிடமிருந்து பல நாள் பார்த்தும் விரல்விட்டு எண்ணத்தக்க துகள்களே கிடைக்கலாம். அவை ஒரே புள்ளியைச் சுற்றி விழுந்திருக்கின்றனவா, அல்லது பின்னணியில் தற்செயலாகச் சேர்ந்த துகள்களா என்று புள்ளியியல் முறைப்படி சோதித்த பிறகே அது ஒரு விண்மீன் என்று ஏற்கிறார்கள். இந்தச் சோதனை பொருள் தருவதற்குத் தொலைநோக்கியின் பார்வை மிகக் கூர்மையாக இருக்க வேண்டும். சந்திராவின் ஆடிகள் ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கிலும் பாதியளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகின்றன. நெரிசலான கொத்தில் அடுத்தடுத்த இரு விண்மீன்களைத் தனித்தனியே காண இத்தனை கூர்மை இன்றியமையாதது.

வெஸ்டர்லண்ட் 1, வெஸ்டர்லண்ட் 2 ஆகிய இரு கொத்துகளையும் விரிவாக ஆராய, இத்தாலியின் பலெர்மோ வானாய்வகத்தைச் சேர்ந்த மாரியோ குவார்செல்லோவின் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு அமைந்தது. அந்தக் குழு வெஸ்டர்லண்ட் 1-ஐ மட்டும் சந்திராவால் மொத்தம் 10 லட்சம் விநாடிகள், அதாவது ஏறத்தாழ 12 நாள்கள் நோக்கியது. ஆனால் அது ஒரே மூச்சில் நடந்த பணியன்று. 2020 ஜூன் முதல் 2021 ஆகஸ்ட் வரை 36 தவணைகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வாறு பிரிக்க நேர்ந்ததன் காரணத்துக்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன்பு 1,721 எக்ஸ் கதிர் மூலங்களே அறியப்பட்டிருந்த அந்தப் பகுதியில், இப்போது 5,963 மூலங்கள் கிடைத்திருக்கின்றன. இவற்றில் பின்புலத்தில் உள்ள தொலைதூர விண்மீன் மண்டலங்களும் நமக்கும் கொத்துக்கும் இடைப்பட்ட விண்மீன்களும் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க வேறு தொலைநோக்கிகளின் தரவும் தேவை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் இதே திட்டத்தின்கீழ் அகச்சிவப்பில் இந்தக் கொத்தைப் பதிவுசெய்திருக்கிறது. கொத்தின் மையத்திலிருந்து 4 ஒளியாண்டு தொலைவுக்குள் மட்டும் 1,075 மூலங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. சூரியனுக்கும் அதற்கு அடுத்த விண்மீனுக்கும் இடையே உள்ள தொலைவும் ஏறத்தாழ அதே 4 ஒளியாண்டுதான் என்பதை நினைத்தால், அந்த இடத்தின் நெரிசல் புரியும்.

இத்தனை விண்மீன்களை எண்ணுவதால் என்ன பயன்? விண்மீன் கொத்தில் கண்ணைப் பறிப்பவை சில நூறு பெரிய விண்மீன்களே. எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பவை சூரியனை ஒத்த, அல்லது அதைவிடச் சிறிய விண்மீன்கள். இவை வெளிச்சத்தில் பின்தங்கினாலும், இளமையில் வேகமாகச் சுழல்வதால் வலிமையான காந்தப்புலம் கொண்டிருக்கின்றன. அந்தக் காந்தப்புலம் மேற்பரப்புக்கு மேலே உள்ள வாயுவைப் பல லட்சம், சில வேளை பல கோடி பாகை வரை சூடாக்குகிறது. இன்றைய சூரியனைவிட இளம் விண்மீன்கள் எக்ஸ் கதிரில் ஆயிரம் மடங்குக்கும் மேல் பிரகாசமாக இருக்கக் காரணம் இதுவே. வயதான விண்மீன்களில் இந்த ஒளி தணிந்துவிடுகிறது. எனவே ஒரே திசையில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் கலந்து தெரியும்போது, எது கொத்தில் பிறந்த இளம் விண்மீன், எது வழியில் நிற்கும் கிழ விண்மீன் என்று பிரித்தறிய எக்ஸ் கதிர் மிக நம்பகமான வழியாகிறது. அகச்சிவப்பைக் கொண்டும் இளம் விண்மீன்களை இனங்காணலாம். ஆனால் அந்த முறை, தன்னைச் சுற்றித் தூசு வட்டு உள்ளவற்றையே எளிதில் காட்டும். வட்டை இழந்துவிட்ட இளம் விண்மீன்கள் அந்தக் கணக்கிலிருந்து நழுவிவிடும். எக்ஸ் கதிர் அவற்றையும் விடாமல் பிடிக்கிறது.

வட்டு இருக்கிறதா, இல்லையா என்பது கோள்களைப் பற்றிய கேள்வி. கோள்கள் உருவாவது அந்த வட்டுகளில்தான். சிக்னஸ் ஓபி2 என்னும் மற்றொரு பெரிய இளம் கூட்டத்தைச் சந்திராவாலும் பிற தொலைநோக்கிகளாலும் ஆராய்ந்தபோது, உயர் ஆற்றல் கதிர்வீச்சு குறைந்த இடங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு இளம் விண்மீன்கள் வட்டோடு இருப்பதும், கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் அது 18 விழுக்காடாகக் குறைவதும் தெரியவந்தது. அருகில் உள்ள பெரிய விண்மீன்களின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் வட்டின் வாயுவை ஆவியாக்கி விரட்டிவிடுகின்றன. இதற்கும் முன்பு, 2003 ஜனவரியில், ஓரையன் நெபுலா என்னும், விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகத்தைச் சந்திரா ஏறக்குறைய 13 நாள்கள் நோக்கி 1,600-க்கும் மேற்பட்ட மூலங்களைக் கண்டது. அங்கே சூரியனையொத்த நிறையுள்ள இளம் விண்மீன்கள், ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு முறை, இன்றைய சூரியனில் நாம் காணும் எதையும் விஞ்சும் பெருவெடிப்பொளிகளை வீசிக்கொண்டிருந்தன. நம் பூமியும் அத்தகைய ஒரு விண்மீனைச் சுற்றித்தான் உருவானது. நம் சூரியனின் இளமைக்காலம் எப்படி இருந்திருக்கும் என்று அறிய இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

பெரிய விண்மீன்கள் எக்ஸ் கதிரை வெளிவிடும் வழி வேறு. அவற்றின் மேற்பரப்பிலிருந்து விநாடிக்கு 2,000 கிலோமீட்டர் வரை, சிலவற்றில் அதற்கும் மேலான வேகத்தில் வாயு வீசுகிறது. அந்த வீச்சின் உள்ளேயே வேகமான பகுதி மெதுவான பகுதியின்மேல் மோதிச் சூடாகிறது. இரண்டு பெரிய விண்மீன்கள் இணையாக ஒன்றையொன்று சுற்றினால், இருவர் வீசும் வாயுவும் நேருக்கு நேர் மோதுவதால் வெப்பம் பல கோடி பாகைக்கு உயர்கிறது. எனவே கூடுதல் ஆற்றலுள்ள எக்ஸ் கதிர் வந்தால், தனி விண்மீன் என்று எண்ணியிருந்தது இணையாக இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுகிறது. அண்டை விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிக் மேகத்தில், டரான்டுலா நெபுலாவில் உள்ள மெல்னிக் 34 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சந்திராவின் 20 லட்சம் விநாடிப் பதிவில் அதன் எக்ஸ் கதிர் 155 நாள்களுக்கு ஒரு முறை ஏறி இறங்குவது தெரிந்தது. அது, ஒவ்வொன்றும் சூரியனைப்போல் 100 மடங்குக்கும் மேல் நிறையுள்ள இரு விண்மீன்களின் இணை என்று பின்னர் உறுதியானது. வெஸ்டர்லண்ட் 1-இலும் உல்ஃப்-ராயே வகையைச் சேர்ந்த, அதாவது கடும் வாயு வீச்சால் தம் மேலுறையை இழந்துவிட்ட, 24 பெரிய விண்மீன்கள் உள்ளன. அவற்றில் பல இணைகளாக இருக்கலாம் என்பதற்கு எக்ஸ் கதிர்தான் முக்கியத் தடயம்.

இந்தக் கொத்தைப் பொறுத்தவரை என்னை மிகவும் ஈர்த்த கண்டுபிடிப்பு 2005-ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் சந்திரா அதை நோக்கியபோது, 10.6 விநாடிக்கு ஒரு முறை ஒளி ஏறி இறங்கும் ஒரு மூலம் தென்பட்டது. துகள்கள் வந்த நேரம் தனித்தனியே பதிவாவதால்தான் இப்படி ஒரு சீரான துடிப்பைக் கண்டுகொள்ள முடிந்தது. அது மேக்னட்டார் எனப்படும், மிக வலிமையான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன். 2006 செப்டம்பரில் அதிலிருந்து எழுந்த ஒரு வெடிப்பொளியை ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் பதிவுசெய்தது. ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கி தற்செயலாக அதற்குச் சில நாள்கள் முன்பே அதே இடத்தைப் பார்த்திருந்ததால், வெடிப்புக்கு முன்னும் பின்னும் அந்த விண்மீன் எப்படி மாறியது என்பதை ஒப்பிட முடிந்தது.

நியூட்ரான் விண்மீன் என்பது பெரிய விண்மீன் ஒன்று வெடித்து முடிந்தபின் எஞ்சும் கரு. பெரிய விண்மீன் எரிபொருளை விரைவாகத் தீர்த்துக்கொள்வதால் சீக்கிரம் மடிகிறது. ஒரே காலத்தில் பிறந்த ஒரு கொத்தில், சூரியனைப்போல் ஏறத்தாழ 35 மடங்கு நிறையுள்ள விண்மீன்கள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போது ஒன்று ஏற்கனவே வெடித்துவிட்டது என்றால், அது அவற்றைவிடப் பெரியதாக, 40 மடங்குக்கு மேற்பட்டதாக இருந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய விண்மீன் கருந்துளையாக ஒடுங்கும் என்பதே பலரின் எதிர்பார்ப்பு. இங்கோ எஞ்சியிருப்பது நியூட்ரான் விண்மீன். 2014-இல் ஐரோப்பியத் தென்வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியைப் பயன்படுத்திய குழுவினர், கொத்திலிருந்து வேகமாக விலகி ஓடும் வெஸ்டர்லண்ட் 1-5 என்ற விண்மீனைக் கண்டு, அது அந்த மேக்னட்டாரின் பழைய துணையாக இருக்கலாம் என்றனர். இருவரும் நெருங்கிச் சுற்றியபோது, வெடிக்கவிருந்த விண்மீன் தன் நிறையில் பெரும்பகுதியை இழந்ததால் கருந்துளையாகாமல் தப்பியது என்பது அவர்கள் விளக்கம். கொத்திலுள்ள சிவப்புப் பெருவிண்மீன்கள் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு வயதுடையவையாக இருக்கலாம் என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அப்படியானால் எல்லா விண்மீன்களும் ஒரே காலத்தில் பிறந்தவை என்ற அடிப்படையும் 40 மடங்கு என்ற கணக்கும் மறுபரிசீலனைக்கு உரியவை. விவாதம் இன்னும் முடியவில்லை. அறிவியல் செய்தியில் இத்தகைய விவாதத்தையும் சேர்த்துச் சொல்வது வாசகரைக் குழப்பும் என்று ஆசிரியர் குழுவினர் அஞ்ச வேண்டாம்; சான்று எப்படி எடைபோடப்படுகிறது என்பதை அறிய அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

கொத்தின் மையத்தைச் சூழ்ந்து சூடான வாயு பரவியிருப்பதையும் புதிய பதிவு காட்டியிருக்கிறது. இதே கொத்தைச் சுற்றி வளையம் போன்ற வடிவில் காமா கதிர் வருவதை நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கித் தொகுதி கண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து மிகுந்த வேகத்தில் வரும் மின்னூட்டத் துகள்களான அண்டக்கதிர்கள் இத்தகைய கொத்துகளில் முடுக்கம் பெறுகின்றனவா என்ற பழைய கேள்விக்கு இரண்டையும் சேர்த்துப் பார்த்தே விடை தேட வேண்டும்.

இனி, 10 லட்சம் விநாடிகளை 36 தவணைகளாகப் பிரிக்க நேர்ந்த காரணம். சந்திரா 5 ஆண்டுப் பணிக்கென்று வடிவமைக்கப்பட்டது. 2024 ஜூலையில் அது 25 ஆண்டுகளை நிறைவுசெய்தது. அதன் வெளிப்புறக் காப்புறை சூரிய ஒளியில் தேய்ந்துவிட்டதால் உட்பாகங்கள் எளிதில் சூடேறுகின்றன. எனவே ஒரே திசையை நீண்ட நேரம் நோக்கிக்கொண்டிருக்க முடியாது. தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பி, ஒரு பக்கம் சூடேறும்போது மறுபக்கத்தை ஆறவிட்டு வேலை வாங்குகிறார்கள். கருவியின் முன் படிந்துவரும் படலத்தால் குறைந்த ஆற்றல் கதிரை அறியும் திறனும் தேய்ந்திருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவே, முழுக்க இயங்கும் இந்தத் தொலைநோக்கியின் ஆண்டு நிதியை 6.83 கோடி டாலரிலிருந்து 4.11 கோடி டாலராகக் குறைக்க 2024 மார்ச்சில் அமெரிக்க அரசின் நிதிநிலைத் திட்டம் முன்மொழிந்தது. வானியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது என்று நான் கருதுகிறேன், ஏனெனில் சந்திராவின் கூர்மைக்கு ஈடான மற்றொரு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இன்று விண்ணில் இல்லை.

நம் நாட்டின் அஸ்ட்ரோசாட், 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, மாறும் எக்ஸ் கதிர் மூலங்களின் ஆய்வில் நல்ல பங்களித்திருக்கிறது. ஆனால் அதன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் ஒரு மூலம், சந்திராவில் பதிவாவதைவிட நூறு மடங்குக்கு மேல் பரந்து பதிவாகும். அதில் வெஸ்டர்லண்ட் 1-இன் மையம் முழுவதும் ஒரே ஒளித்திட்டாகக் கலந்துவிடும். ஜப்பான் 2023 செப்டம்பரில் ஏவிய எக்ஸ்ரிசம், கதிரின் ஆற்றலை மிக நுட்பமாக அளக்கிறது. இடத்தை நுட்பமாகக் காட்டுவது அதன் வேலையன்று. ஆகவே வெஸ்டர்லண்ட் 1-இல் அடுத்தடுத்துள்ள இரு விண்மீன்களில் எது வெடிப்பொளி வீசியது என்று கேட்டால், இன்று பதில் சொல்லக்கூடியது சந்திரா ஒன்றே. ஈடான அடுத்த தொலைநோக்கி விண்ணேறும் முன்பே இதை நிறுத்திவிட்டால், கொத்துகளில் உள்ள சிறு விண்மீன்களைப் பற்றிய ஆய்வு ஆண்டுக்கணக்கில் தேங்கிப்போகும்.

இத்தொலைநோக்கிக்குப் பெயர் தந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் என்பது பலருக்கும் தெரியும். அவருடைய நூற்றாண்டும் பிறந்தநாளும் வரும்போதெல்லாம் நம் இதழ்கள் அதைத் தவறாமல் நினைவுகூர்கின்றன. அதைவிடப் பயனுள்ள ஒன்றும் இருக்கிறது. சந்திராவின் பதிவுகள் உரிய காலத்துக்குப்பின் பொதுக் காப்பகத்தில் வைக்கப்படுகின்றன. அவற்றைப் பகுத்தாயும் சியாவோ என்னும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. 2005-இல் மேக்னட்டாரைக் காட்டிய பதிவை இன்று திருச்சியிலோ நாகர்கோவிலிலோ படிக்கும் ஓர் இயற்பியல் முதுகலை மாணவர் தம் கணினியில் இறக்கி, அந்த 10.6 விநாடித் துடிப்பைத் தாமே தேடிப் பார்க்கலாம். கல்லூரித் துறைகள் இதை ஆய்வுத் திட்டமாகக் கொடுக்க முன்வர வேண்டும். தங்கள் நாளிதழ் அதற்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்றை வெளியிட்டால் பலருக்கும் பயன்படும்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றையும் கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, எந்தத் தொலைநோக்கி எவ்வளவு நேரம் நோக்கியது, எந்த நிறம் எந்த ஆற்றலைக் குறிக்கிறது, படத்தின் அகலம் எத்தனை ஒளியாண்டு என்னும் விவரங்களைப் படத்தின் ஓரத்திலேயே அச்சிட வேண்டுகிறேன். இவை சந்திராவின் ஒவ்வொரு அறிவிப்புடனும் வெளியாகும் விவரங்களே. நான்கு வரிக்குமேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.